கேம் ஷாஃப்ட் மாற்றும்போது எந்தப் பாகங்களை மீண்டும் போடலாம்?

மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், ஆறு, வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் இறைக்கும் இடங்களிலும் டீசல் எஞ்சின்தான் சிறு விவசாயிக்குக் கைகொடுக்கிறது. பயிர் வாடும் வேளையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது" என்கிறார். உடனே எழும் கேள்வி, "அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பழையபடியே போட்டுக்கொள்ளலாமா?" என்பதே. சில பாகங்களைப் போடலாம். சிலவற்றைச் சோதித்த பிறகே போடவேண்டும். சிலவற்றைப் போடவே கூடாது.

தேய்மானம் எங்கே ஏற்படுகிறது?

நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் 750 முறை சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் மணிக்கு 45,000 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் வால்வு ஸ்பிரிங்கின் விசையைக் கேமின் மேடும் டாப்பெட்டின் அடிமுகமும் ஒரு சிறு கோட்டளவு இடத்தில் தாங்குகின்றன. அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் அறுந்தால் தேய்மானம் தொடங்கிவிடும்.

டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தும் சில நாட்களிலேயே 'டக் டக்' சத்தம் திரும்புவது, இழுவை குறைவது, புகை கூடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். வேறு கோளாறுகளாலும் இவை வரக்கூடும். ஆகவே எஞ்சினைப் பிரிக்குமுன் டயல் கேஜ் வைத்து, புஷ் ராடு எவ்வளவு உயருகிறது என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவுடன் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பழைய டாப்பெட் கூடாது

கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய ஜோடி. அடிமுகம் தட்டையாக உள்ள டாப்பெட், எஞ்சின் ஓடும்போது தானும் மெல்லச் சுழலவேண்டும். அப்போதுதான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. பழைய டாப்பெட்டின் முகத்தில் குழியோ, குறுக்கே ஒரு கோடோ இருந்தால் அது சுழலாமல் நின்றுவிட்டது என்று பொருள். இதைப் புதுக் கேமின் மேல் வைத்தால் கேமின் மேட்டை அறுத்துவிடும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பழைய டாப்பெட்டும் பழைய கேமுக்கு இசைந்து தேய்ந்ததுதான். எனவே புதுக் கேம் ஷாஃப்ட் போட்டால் டாப்பெட்டுகளும் புதிதாகவே இருக்கவேண்டும்.

கேம் ஷாஃப்ட் நல்ல நிலையில் இருந்து, புஷ் மாற்றுவதற்காக மட்டும் கழற்றியிருந்தால் பழைய டாப்பெட்டுகளையே போடலாம். ஆனால் எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குப் போகவேண்டும். கழற்றும்போதே 'இன்லெட்', 'எக்ஸாஸ்ட்' என்று எழுதித் தனித்தனியாக வையுங்கள்.

சோதித்துப் பார்த்துப் போடக்கூடியவை

புஷ் ராடு: கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்திப் போடவேண்டாம், மாற்றிவிடுங்கள். இரு முனைகளும் வழவழப்பாக இருக்கவேண்டும்.

ராக்கர் ஆர்ம்: வால்வைத் தொடும் முனையில் பள்ளம் விழுந்திருக்கக்கூடாது. ராக்கர் ஷாஃப்ட்டில் நகம் தட்டும்படி வரி இருந்தால் ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் மாற்றவேண்டும்.

வால்வு ஸ்பிரிங்: புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்தோ, சாய்ந்தோ, விரிசல் கண்டோ இருந்தால் ஆகாது.

டைமிங் கியர்: பல் உடையாமலும் கூர்மையாகத் தேயாமலும் இருந்தால் அதையே போடலாம். மாற்ற நேர்ந்தால் இணைந்து ஓடும் கியர்களைச் சேர்த்தே மாற்றுங்கள். பூட்டும்போது புள்ளி அடையாளங்கள் நேருக்கு நேர் நிற்கவேண்டும்.

கேம் ஷாஃப்ட் புஷ்: புதுக் கேமை உள்ளே விட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் அளவை மீறினால் புஷ்ஷையும் மாற்றவேண்டும்.

பியூயல் பம்ப் டாப்பெட்: பல பம்புசெட் எஞ்சின்களில் பியூயல் பம்பை இயக்கும் கேமும் இதே ஷாஃப்ட்டில் இருக்கும். அதன் டாப்பெட்டில் உருளை இருந்தால், உருளை தாராளமாகச் சுழன்று, தேய்மானமும் பின் ஆட்டமும் இல்லாதபோது மீண்டும் போடலாம்.

புதிதாகவே போடவேண்டியவை

கேஸ்கட், ஆயில் சீல், லாக் வாஷர், ஸ்பிளிட் பின் ஆகியவை ஒருமுறை அழுந்தியோ வளைந்தோ போனவை, மீண்டும் பிடிக்கமாட்டா. எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள். தேய்ந்த கேமின் இரும்புத் தூள் சம்ப்பின் அடியில் படிந்திருக்கும். அதைக் கழுவித் துடைக்காமல் புது எண்ணெய் ஊற்றினால் புதுக் கேமுக்கு நாமே அரம் போடுவதாகும்.

தேய்ந்த மேட்டில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். கேமின் மேல்பரப்பு கடினமாக்கப்பட்டது. அதன் வடிவமும் நுட்பமானது. இரண்டையும் சாதாரண லேத்தில் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரணத்தையும் கண்டுபிடியுங்கள்

எண்ணெய் குறைந்ததா, நாள்பட்ட எண்ணெயா, எண்ணெய்த் துளை அடைத்ததா, டாப்பெட் துளையில் இறுகியதா, இடைவெளி தவறாக வைக்கப்பட்டதா என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்ப வரும்.

முதல் ஓட்டம்

பூட்டுமுன் கேம் மேடுகளிலும் டாப்பெட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த பசை அல்லது கெட்டியான எண்ணெய் தடவுங்கள். கைப்பிடியால் சில சுற்று சுற்றி எதுவும் தட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் கிளம்பியதும் மெதுவேகத்தில் விட்டுவைக்கவேண்டாம். மெதுவேகத்தில் கேமுக்கு எண்ணெய் குறைவாகவே சேரும். வழக்கமான வேகத்தில், குறைந்த பளுவில், சுமார் 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஆறவிட்டு, டாப்பெட் இடைவெளியை மீண்டும் பாருங்கள். முதல் எண்ணெயை 50 மணி நேரத்திலேயே வடித்துவிடுவது நல்லது.

கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காயைக் கோட்டைவிடுவதுபோல், இரண்டு டாப்பெட்டின் விலையை மிச்சப்படுத்தப் போய்ப் புதுக் கேம் ஷாஃப்ட்டை இழக்கவேண்டாம். பாகம் வாங்கப் போகுமுன் மேற்சொன்னவற்றை மெக்கானிக்குடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம்.