டெஸ்லா காயிலில் இரண்டு சுரங்கள்

கேள்வி: நான் செய்த இசை டெஸ்லா காயிலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருகிறது. கன்ட்ரோலரில் உள்ள ஆர்டுயினோ புரோகிராமை மாற்றி இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்குக் காயில் நொடிக்கு 440 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் 100 மைக்ரோநொடி என்றால், மொத்த நேரத்தில் 4.4 சதவீதம்தான் அது வேலை செய்கிறது. அதே துடிப்போடு 1,760 ஹெர்ட்ஸுக்குப் போனால் 17.6 சதவீதம்! காயிலை இயக்கும் ஐஜிபிடி டிரான்சிஸ்டர் சூடேறிப் போவது இப்படித்தான். சுரம் ஏற ஏறத் துடிப்பைக் குறுக்குங்கள்.

இரண்டு சுரம் என்றால் துடிப்புகள் அடுத்தடுத்து விழுந்து ஒட்டிக்கொள்ளும். துடிப்பு நீண்டால் பிரைமரி சுருளில் மின்னோட்டம் ஏறும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கட்டாய இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிக்குள் வரும் துடிப்பைக் கைவிடுங்கள். ஒலி சற்றுக் கரகரக்கும், பரவாயில்லை.

புரோகிராமை மட்டும் நம்ப வேண்டாம். அது 'ஆன்' நிலையிலேயே உறைந்துவிட்டால்? துடிப்பின் நீளத்துக்கு வரம்பு வைக்க, வெளியே 555 ஐசியில் ஒரு மோனோஸ்டேபிள் சேருங்கள். சிக்னல் 'ஆன்' நிலையிலேயே நின்றாலும் ஒரு துடிப்போடு முடியும்படி, ட்ரிக்கரைக் கெப்பாசிட்டர் வழியாகக் கொடுங்கள். கன்ட்ரோலருக்கும் காயிலுக்கும் நடுவே ஒளியிழைதான் வேண்டும். காயிலின் கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.