பலகை காய்ந்ததா?

கொல்கத்தாவில் கித்தார் செய்யும் பட்டறைகள் உண்டு. அங்கே மரம் தேர்வு செய்வதே முதல் வேலை.

மின் கித்தாரின் உடல் கெட்டியான பலகை. கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளும் இருக்கும். கம்பியின் அதிர்வை இவை மின்சாரமாக மாற்றும். ஒலிபெருக்கி அதை நம் காதுக்குக் கொண்டுவரும்.

அப்படியானால் மரத்தின் வேலை என்ன? கம்பிகளைத் தாங்குவது. 6 கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். கழுத்து வளைந்தால் சுருதி கெடும். விற்ற கித்தார் தச்சரிடமே திரும்பி வரும். கூலியும் போகும், பெயரும் போகும்.

கழுத்துக்கு ரேகை நேராக ஓடும் பலகை வேண்டும். முடிச்சும் வெடிப்பும் கூடாது. உடலுக்கு மகாகனி ஏற்றது. விரல் பலகைக்கு ஈட்டி நல்லது. அது கடினமானது, எளிதில் தேயாது. 2017 முதல் ஈட்டி மரத்தின் உலக வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே ரசீது கேட்டு வாங்குங்கள்.

எந்த மரமானாலும் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் காயும்போது மரம் சுருங்கும், முறுக்கிக் கொள்ளும்.

ஈரத்தை எப்படி அறிவது? பலகையை நிறுங்கள். எடையையும் தேதியையும் அதன் மேலேயே எழுதுங்கள். நிழலில், காற்றுப் படும்படி வையுங்கள். 15 நாள் கழித்து மீண்டும் நிறுங்கள். எடை குறைந்தால் இன்னும் காயவில்லை. மறுபடி காத்திருங்கள். எடை மாறாமல் நின்றால் அறுக்கலாம்.

நினைவை நம்ப வேண்டாம். எழுதி வையுங்கள்.

பயிற்சி

ஒரு பலகை ஜூன் 1 அன்று 4 கிலோ 200 கிராம். ஜூன் 16 அன்று 3 கிலோ 900 கிராம்.

1. எடை எவ்வளவு குறைந்தது?
2. இதை இப்போது அறுக்கலாமா? ஏன்?