கருவியும் கற்பித்தலும்: ஓயாத தருமம் பற்றிய ஒரு பாடம்



நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதல் அருளப்பெற்ற வசனங்களில் ஓதுதலும் எழுதுகோலும் சேர்ந்தே வருகின்றன. கல்வியையும் அதற்குரிய கருவியையும் பிரிக்கலாகாது என்பதை நாம் அங்கிருந்தே அறிகிறோம். இக்காலத்தில் எழுதுகோலின் பக்கத்தில் கணினியும் இணையமும் வந்து அமர்ந்துவிட்டன. இவற்றைப் பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிக் கொடுப்பது மேலான தருமம் என்று நம்மவர் கருதுகின்றனர், அது மெய்யே. ஆனால் கருவியைக் கையளித்த அன்றே அத்தருமம் நிறைவேறிவிடுகிறதா? இதுவே இவ்விதழில் நாம் ஆராயப் புகும் பாடம்.

முதலாவது: தோட்டத்துப் பழைய கணக்கு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் அங்கே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டத்துக்கு அஞ்சிக் கொட்டகைகள் எழும்பின. ஆயினும் பாடம் சொல்ல அமர்ந்தவர் பல இடங்களில் கங்காணியாகவோ, கிராணியாகவோ, எழுத்தறிந்த ஒரு தொழிலாளியாகவோ இருந்தார். சட்டம் கூரையைக் கொடுத்தது; பயிற்சி பெற்ற உபாத்தியாயரைக் கொடுக்கவில்லை. கூரையின் கீழ் அமர்ந்த பிள்ளைகளில் பலர், பெற்றோர் பிடித்த பால்மரக் கத்தியையே பிடித்தனர்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150 பிள்ளைகள்கூட இல்லாத சிறு பள்ளிகள். சிறு பள்ளியில் பெற்றோர் தொகை குறைவு. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெட்டியும் இளைத்தே கிடக்கும்.

இரண்டாவது: நம் காலத்துக் கணக்கு

2011இல் நம் நாட்டுக் கல்வியமைச்சு 1பெஸ்தாரிநெட் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும், கணினி வழியே பாடம் நடத்தும் ஏற்பாடும் தருவது அதன் நோக்கம். 15 ஆண்டுகளுக்கு 400 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட திட்டம் அது. முதற்கட்டத்துக்கு மாத்திரம் 66 கோடி வெள்ளிக்கு மேல். பின்னர்த் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வந்தது. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திய அளவு 100க்கு 5 கூட இல்லை என்று அது காட்டிற்று. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுக்கு வந்து, பள்ளிகள் கூகுள் வகுப்பறைக்கு மாறின. சரக்கு கொள்முதலாயிற்று, விற்பனையாகவில்லை என்று நம் பாஷையில் சொல்லலாம்.

அடுத்து 2020 மார்ச்சு 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லையெனத் தெரிந்தது. இருந்தவர்களிலும் மிகப் பலரிடம் இருந்தது கைத்தொலைபேசியே. தந்தை வேலைக்குப் போனால் தொலைபேசியும் போய்விடும். மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரே தொலைபேசியை யார் பிடிப்பது? அவ்வாண்டு இறுதியில் செர்டிக் என்னும் திட்டம் வந்தது. 500 பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மடிக்கணினியும் தட்டைக் கணினியும் வழங்க, அரசு சார்ந்த நிறுவனங்கள் பணம் போட்டன. வரவேற்கத்தக்க காரியந்தான்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். முதலில் ஏற்பாடு இருந்தும் பழக்குவோரும் பழகுவோரும் இல்லை. பின்னர்ப் பிள்ளைகள் கற்கத் துடித்தும் கையில் கருவி இல்லை. இரண்டும் ஒருசேர அமைந்தாலன்றிக் கல்வி நடவாது.

மூன்றாவது: பிற நாடுகளின் படிப்பினை

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு 8 லட்சத்துக்கு மேற்பட்ட சிறு கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. நாட்டுப்புறப் பள்ளிகள் 319இல் ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவில்லை என்று கூறிற்று.

இதற்கு எதிர்ப்பக்கம் நம் முன்னோரின் தாயகமான தமிழ்நாட்டைப் பாருங்கள். கோவிட் காலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. மாலைப் பொழுதில் தெருத்திண்ணையிலும் பொதுவிடத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்ல, ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர் முன்வந்தனர். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்தான். பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க அது உதவிற்று என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. மாலை மதரஸாவை நடத்திப் பழகிய நமக்கு இது புதிய முறையா? இல்லையே!

நான்காவது: வியாபாரிக்கு விளங்கும் காரணம்

பழைய தராசை எடுத்துவிட்டு மின்தராசு வைத்தால், அதன் விலையோடு செலவு நிற்பதில்லை. மின்கலம் வேண்டும், முத்திரைச் சோதனை வேண்டும், கடைப் பையன் அதைப் பழக வேண்டும். கியூஆர் அட்டையை மேசையில் ஒட்டினால் மட்டும் போதாது. பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்தவர் கல்லாவில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணினிக்கும் இதே நியாயந்தான். மாதந்தோறும் இணையக் கட்டணம், பழுது பார்க்கும் கூலி, ஆசிரியர் பழகுவதற்கான நேரம் ஆகியவற்றை எண்ணாமல் கொடுத்த கருவி, இரண்டு மூன்று ஆண்டில் அலமாரிக்குப் போய்விடும். கொடுத்தவர் பெயர் எழுதிய தகடு மாத்திரம் மிஞ்சும்.

ஐந்தாவது: மார்க்கத்தின் வழி

மனிதன் மரித்த பின்னும் நன்மை சேர்க்கும் காரியங்களுள் ஓயாத தருமமும் பயனுள்ள கல்வியும் உண்டென்று நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். ஸதகத்துல் ஜாரியா என்ற சொல்லிலேயே ‘ஓடிக்கொண்டிருப்பது’ என்ற பொருள் இருக்கிறது. நின்றுபோன கருவியில் ஓட்டம் ஏது? ஈப்போவில் 1908இல் ஷெய்கு ஆதம் அவர்கள் கட்டுவித்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறதென்றால், கட்டியவரோடு, அதை நாள்தோறும் பராமரித்து வந்தவர்களும் அந்நன்மையில் பங்காளிகளே.

இங்கே சில வரம்புகளை அறிதல் அவசியம். ஸகாத்துக்கு உரியவர் எட்டு வகையார்; அப்பணத்தை இதில் கலக்க வேண்டா. வக்ஃபு என்று எழுதி வைத்தால் பேராக் சட்டப்படி அதன் அறங்காவலர் மாநில இஸ்லாமிய சமய மன்றமே. ஆகவே அம்மன்றத்தின் வழியாகவே அதைச் செய்ய வேண்டும். ஸதகாவோ, அண்டை அயலார் எம்மதத்தவராயினும் அவர்களுக்குக் கொடுக்கத் தக்கது. தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் பிற சமயத்தவர் என்று சிலர் தயங்கலாம். அவர்களுடைய பாட்டன்மார் சம்பள நாளில் கொண்டுவந்த காசில்தான் நம் பாட்டன்மாரின் மளிகைக் கடைகள் தழைத்தன என்பதை மறக்கலாமா?

ஆறாவது: செய்யத் தக்கவை

1. விழாக் கொடையைக் காட்டிலும் மாதக் கொடையைப் பெரிதாக எண்ணுவோம். 20 கடைக்காரர் மாதம் 50 வெள்ளி வீதம் போட்டால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி சேரும். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தாலேயே அது தோட்டங்களை வாங்கிற்று. கூலிக்காரரால் ஆனது வியாபாரிகளால் ஆகாதா?

2. கருவிக்கு ஒரு வெள்ளி கொடுத்தால், பராமரிப்புக்கும் பழக்குவோருக்கும் இன்னொரு வெள்ளி ஒதுக்குவோம்.

3. வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரையும், மேலாளர் வாரியத்தையும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கலந்து, என்ன தேவையென்று கேட்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை கருவி ஓடுகிறது, எத்தனை பிள்ளை பயன்படுத்துகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்போம்.

4. மதரஸா மண்டபத்தை ஓதல் நேரம் போக மற்ற மாலைகளில் திறந்து வைத்து, மேசையும் இணையமும் தந்து, படித்த வாலிபர் ஒருவருக்கு ஊக்கத்தொகை கொடுத்து அமர்த்துவோம். நம் பிள்ளைகளும் அயலார் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து படிக்கட்டும்.

சகோதரர்களே! ஆண்டிறுதியில் கடைக்கு ஐந்தொகை போடும் நாம், தருமத்துக்கும் ஐந்தொகை போட வேண்டும். அதில் எத்தனை கருவி கொடுத்தோம் என்பதை விட, எத்தனை பிள்ளை கற்றது என்பதே வரவாக நிற்கும். அந்த வரவை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பெருக்கித் தருவானாக! ஆமீன்.