தந்தை 67, மகன் 14

கேள்வி: ஜெர்மனியில் 2022 டிசம்பரில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சிலரைக் கைது செய்தார்கள். அதில் ஒருவர் பெயர் '13-ஆம் ஹைன்ரிஹ்' என்று செய்தியில் வந்தது. அங்கே மன்னராட்சி ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இவர் எந்த ஊர் அரசர்? இவருக்கு முன் 12 ஹைன்ரிஹ்கள் ஆண்டார்களா? ஐரோப்பிய வரலாற்றைப் படித்தாலும் பேரரசர், பிரபு, போர்வீரர் என்று எங்கே பார்த்தாலும் ஹைன்ரிஹ்தான். எப்படிப் பிரித்து அறிவது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் எந்த ஊருக்கும் அரசர் இல்லை. அந்த 13 அரியணை வரிசை எண்ணும் இல்லை. அது பிறப்பு வரிசை.

அவர் ராய்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். கிழக்கு ஜெர்மனியின் தூரிங்கியாப் பகுதியில் கிரைட்ஸ், கேரா, ஷ்லைட்ஸ் போன்ற ஊர்களை வைத்துக்கொண்டு 1918 வரை ஆண்ட குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிஹ் என்றுதான் பெயர். மூத்தவன், இளையவன், பட்டத்துக்கு உரியவன், இல்லாதவன் என்ற வேறுபாடே கிடையாது. நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்த இதை 1668-இல் குடும்பச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே பெயர் என்றால் எண் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? குடும்பத்தின் மூத்த கிளை, 100 வரை எண்ணிவிட்டு மறுபடி 1-இல் தொடங்குவது என்று முடிவு செய்தது. இளைய கிளை, நூற்றாண்டு மாறும்போது எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கியது. இந்த இரண்டாவது முறையால்தான் படிப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது. இளைய கிளையில் 1818 முதல் 1918 வரை ஆண்டவர்களை வரிசையாகச் சொல்கிறேன்: 62-ஆம் ஹைன்ரிஹ், 67-ஆம் ஹைன்ரிஹ், 14-ஆம் ஹைன்ரிஹ், 27-ஆம் ஹைன்ரிஹ். முதல் இருவரும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. 67-ஆமவர் 1789-இல் பிறந்தவர். அவருடைய மகன் பிறந்தது 1832-இல். அதற்குள் நூற்றாண்டு மாறிவிட்டதால் மகன் 14 ஆனார். அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் விட்டுப்போன எண்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகளுடையவை. பிறந்து சில நாளில் கண்மூடிய குழந்தைக்கும் ஓர் எண் உண்டு, அதை வேறு யாருக்கும் தருவதில்லை. ஆட்சிக் கணக்கை விட இந்தப் பிறப்புக் கணக்கே எனக்கு மனிதத்தன்மை மிக்கதாகப் படுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் எண் இல்லை. மூத்த கிளையின் 22-ஆம் ஹைன்ரிஹுக்கு ஹெர்மினே என்றொரு மகள். நாடிழந்து நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை 1922-இல் மணந்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் இந்தக் குடும்பத்தில் உலகம் அதிகம் அறிந்த ஆள் எண் இல்லாத அந்தப் பெண்.

இந்தப் பெயர் இவர்களிடம் எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை கிடைக்கும். 11-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியை ஆண்டது சாலியர் வம்சம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஹைன்ரிஹ்கள் அந்த வம்சத்தவர்கள். 1077-இல் கனோஸா கோட்டை வாசலில் பனியில் நின்று போப்பாண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாரே, அவர் நான்காமவர். ஐந்தாமவர் 1125-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். நான்காமவரின் மகள் ஆக்னெஸ், ஹோஹென்ஷ்டாவ்ஃபன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். சாலியர்களின் சொத்தும் உரிமைக் கோரிக்கையும் அவர் வழியாக அந்தக் குடும்பத்துக்குப் போயின, பெயரும் கூடவே போனது. ஆக்னெஸின் பேரன்தான் பார்பரோஸா என்று பெயர்பெற்ற பேரரசர். 1165-இல் அவருக்குப் பிறந்த மகன்தான் பிற்பாடு பேரரசர் ஆறாம் ஹைன்ரிஹ். இந்த ஆறாமவரின் கீழ் ஊழியம் செய்து உயர்ந்தவர்கள் வைடா என்ற ஊரின் தலைவர்கள். அவருக்கு நன்றியாகத் தங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்கள் என்று ராய்ஸ் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வைடா தலைவர்களின் வழித்தோன்றல்களே ராய்ஸ்கள்.

ஆக, அந்தக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஹைன்ரிஹ் என்று பெயரிட்டால், 'நாங்கள் இன்னாருடைய வாரிசு' அல்லது 'இன்னாருடைய ஆட்கள்' என்று ஊரறியச் சொல்வதாகத்தான் பொருள். ஒரே உரிமைக்குப் பல குடும்பங்கள் போட்டியிட்டதால் ஒரே பெயர் எதிரெதிர் அணிகளிலும் இருந்தது. 1156-இல் ரெகென்ஸ்பூர்கில் பார்பரோஸா ஒரு தகராறைத் தீர்த்துவைத்தார். பவேரியாவை பாபென்பெர்க் குடும்பத்து ஹைன்ரிஹிடமிருந்து வாங்கி வெல்ஃப் குடும்பத்து ஹைன்ரிஹிடம் கொடுத்தார். விட்டுக்கொடுத்தவருக்கு ஈடாக ஆஸ்திரியாவைத் தனிப் பிரபுநாடாக உயர்த்தித் தந்தார். இவர்களைப் பிரித்து அறிய உதவுவது பட்டப்பெயர்தான். வாங்கிக்கொண்டவர் 'சிங்கம்'. அவருடைய தந்தையும் ஹைன்ரிஹ்தான், அவர் 'செருக்கர்'. நீங்கள் படிக்கும்போதும் எண்ணை விட்டுவிட்டு ஊரையும் பட்டப்பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராய்ஸ்களிலும் அப்படிப் பட்டப்பெயரால் நிலைத்த ஒருவர் உண்டு. 1572-இல் தந்தை இறந்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்ததால் 'போஸ்துமுஸ்' என்று அழைக்கப்பட்ட ஹைன்ரிஹ். கேராவில் 1608-இல் ஒரு பள்ளியைத் தொடங்கியவர். முப்பதாண்டுப் போர் நடுவில், சாவதற்கு முன்பே தமக்கு ரகசியமாகச் சவப்பெட்டி செய்யச் சொல்லி, அதன்மேல் பைபிள் வசனங்களையும் கீர்த்தனை வரிகளையும் தாமே தேர்ந்தெடுத்து எழுதவைத்தார். 1635 டிசம்பரில் இறந்தார். பெட்டியில் இருந்த அந்த வரிகளுக்கே இசையமைத்து, 1636 பிப்ரவரியில் அவருடைய அடக்கத்தின்போது பாடவைத்தார்கள். ஜெர்மானிய இசையின் உச்சங்களில் ஒன்றாக நான் மதிக்கும் படைப்பு அது. இசையமைத்தவர் ராய்ஸ்களின் மண்ணான கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த ஷூட்ஸ். அவர் பெயரும் ஹைன்ரிஹ்.

கடைசியாக ஒன்று. புத்தகங்களில் சில இடத்தில் ஹைன்ரிஹ் என்ற பெயரோடு ஏழு என்ற எண்ணை அடைப்புக்குறிக்குள் பார்ப்பீர்கள். அது அச்சுப்பிழை அல்ல. அவர் ஆறாம் ஹைன்ரிஹின் பேரன். தந்தை இரண்டாம் ஃப்ரீட்ரிஹ் உயிரோடு இருக்கும்போதே ஜெர்மனிக்கு அரசராக்கப்பட்டு, தந்தையை எதிர்த்து, 1235-இல் பதவி பறிபோய், 1242-இல் சிறைக்காவலில் இறந்தவர். தனியாட்சி நடத்தாததால் அவரை வரிசையில் சேர்ப்பதில்லை. அடைப்புக்குறி இல்லாத ஏழாம் ஹைன்ரிஹ், 1312-இல் பேரரசராக முடிசூடிய லக்ஸம்பர்க் குடும்பத்தவர்.