பெரியாற்றுத் தண்ணீரும் பிலிப்பியரின் காணிக்கையும்



ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வைகை அணையை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து, பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். 1959 ஜனவரி 21-ல் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. அதில் நிற்கும் தண்ணீர் முழுவதும் வைகையின் தண்ணீர் அல்ல. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-ல் கம்பம் பள்ளத்தாக்கிற்குள் திருப்பிவிட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) கண்ட மதுரைச் சீமைக்கு, மலைக்கு அப்பால் பெய்த மழை சோறு போட ஆரம்பித்தது. நமக்கு உண்டானவைகளில் நாம் பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுல் கேட்பதை (1 கொரி. 4:7) இந்தப் பள்ளத்தாக்கில் விளக்கிச் சொல்வது சுலபம்.

வந்த தண்ணீர் அணையிலேயே தங்குவதும் இல்லை. பழைய வைகைப் பாசனத்திற்குத் திறக்கும்போது இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பங்கு. தூரத்தில் காய்ந்து கிடக்கும் கடைசி ஊர்ப்பக்கத்திற்கே பெரிய பங்கு! இது அரசாங்கக் கணக்கு, வேதபாடம் அல்ல. ஆனாலும் ஒருவருடைய நிறைவு மற்றவருடைய குறைவுக்கு உதவவேண்டும் என்று பவுல் எழுதியதை (2 கொரி. 8:14) வாசிக்கும்போது இந்த விகிதம் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

"விசுவாச ஊழியம் என்றால் தேவையைக் கர்த்தரிடம் மட்டும் சொன்னால் போதாதா? பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரே காலத்தில் ஊழியம் செய்த இரண்டு பெண்மணிகளை எடுத்துக்கொள்வோம். பெரியாறு திரும்பிய அதே 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், டோனாவூரில் பிள்ளைகளை வளர்க்கும் ஊழியத்திற்காக மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்று தீர்மானமாயிருந்தார்கள். வேலூரின் ஐடா ஸ்கடர் அம்மையாரோ வாய்திறந்து கேட்டார்கள். 1900-ல் இந்தியா திரும்பும்போது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் அவர்கள் கையில் இருந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழும்பியது. பின்னும் பலமுறை அமெரிக்கா சென்று, கூட்டங்களில் பேசி நிதி திரட்டினார்கள்.

இருவரில் யாருக்கு விசுவாசம் அதிகம்? இப்படி எடைபோட நமக்கு மனமில்லை. ஏமி அம்மையாரும் பணம் கேட்கவில்லையே தவிர, ஊழியத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை ஜெபத்தினாலே போஷித்த ஜார்ஜ் முல்லரும் வருஷந்தோறும் அறிக்கை அச்சிட்டார். டோனாவூருக்கும் வேலூருக்கும் பணம் வந்தது மனிதர் கைகள் வழியாகத்தான். கேட்பது அவிசுவாசம் அல்ல. நெருக்கிக் கேட்பதுதான் தவறு.

தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற பிலிப்பியர் 4:19-ஐ நாம் நாட்காட்டியில் பார்க்கிறோம், சுவரில் மாட்டுகிறோம். அது எந்தக் கடிதத்தில் வருகிறது என்பதைக் கவனிப்பதில்லை. எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கை அனுப்பிய சபைக்கு, கட்டுண்டிருந்த பவுல் எழுதிய நன்றிக் கடிதம் அது. நம் பாஷையில் சொன்னால், காணிக்கை ரசீதோடு வந்த வாக்குத்தத்தம்! மதகைத் திறந்தவர்களுக்குச் சொன்ன வார்த்தை. அதைச் சொன்னவரும் பசியாயிருக்கக் கற்றுக்கொண்டவர் (4:12). ஆகவே, குறைவே வராது என்று அதற்குப் பொருள் சொல்ல முடியாது.

இந்நாட்களில் "நூறு போடு, ஆயிரமாய்த் திரும்ப வரும்" என்ற போதனை கிராமங்கள் வரைக்கும் வந்துவிட்டது. காணிக்கை சீட்டுப் பணம் அல்ல. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பில் போகிற கூலிப் பெண்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தாலும் அன்றைய சம்பளம் இல்லை. அப்படிப்பட்ட சகோதரி வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டால் அதைப் பெருமையாய்ச் சாட்சி சொல்ல எங்களால் முடியாது. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, இருக்கிறதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பதுதான் பவுலின் அளவு (2 கொரி. 8:12). இதை வாசிக்கும் உங்களில் யாராவது கடனில் இருந்தால், இந்த மாதம் எங்களுக்கு ஒன்றும் அனுப்பவேண்டாம். முதலில் கடனை அடையுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள்; அதுவும் பங்குதான்.

வாங்குகிற எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைப் பவுல் தனியாக எடுத்துச் செல்லவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார் (8:19-21). ஏழை நோயாளிக்கென்று வந்த பணம் அவருடைய மருந்துக்கே போயிற்றா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

இந்தப் பாடத்தை வீட்டு ஜெபக்கூட்டத்தில் படிக்கிறவர்கள் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களையும் பிலிப்பியர் 4-ஐயும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பவுல் எங்கே கேட்கிறார், எங்கே கேட்காமலே நன்றி சொல்லுகிறார், எங்கே கணக்குக்கு ஆள் வைக்கிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள்.