ஒரு வகுப்புக்கு இரண்டு பதிவேடா?

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஒழுங்குற நடத்தும் தலைமை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸ் கெர்னல் உலகப் புகழ் பெற்றது. அது பெரும்பாலும் 'சி' மொழியில் எழுதப்பட்டது. அதைக் கணிப்பொறிக்குப் புரியும் மொழியாக மாற்றுவது கம்பைலர். மாற்றிய துண்டுகளை ஒன்றாகப் பிணைப்பது லிங்கர்.

சென்ற விடுமுறையில் என் அண்ணன் பழைய லினக்ஸ் கெர்னல் ஒன்றை உருவாக்க முயன்றார். வேலை பாதியிலேயே நின்றுவிட்டது. "போன கம்பைலரில் நன்றாக வந்ததே! புதியதில்தான் கோளாறு. பழையதையே போட்டுவிடுகிறேன்" என்றார். திரையின் கடைசி வரியில் 'பிழை' என்று மட்டுமே இருந்தது. மேலே சென்று முதல் பிழையைப் படித்தோம். 'ஒய்ஒய்லாக்' என்னும் பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டுள்ளது என்று லிங்கர் முறையிட்டிருந்தது.

அது என்ன பெயர்? கெர்னலை உருவாக்கும்போது டி.டி.சி. என்னும் சிறு துணை நிரலும் உருவாக வேண்டும். அதில் ஒரு கோப்பு சொற்களைப் பிரிக்கும். மற்றொன்று இலக்கணம் பார்க்கும். எந்தச் சொல் எந்த வரியில் உள்ளது என்று குறித்துவைக்கும் இடமே ஒய்ஒய்லாக். இரு கோப்புகளும் அந்த ஒரே பெயரில் தனித்தனியே இடம் கேட்டிருந்தன.

ஒரே வகுப்புக்கு இரு மாணவியர் தனித்தனி வருகைப் பதிவேடு திறந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பழைய ஜி.சி.சி. கம்பைலர் அவற்றைப் பொது இடத்தில் வைக்கும். லிங்கர் ஓசையின்றி ஒன்றாக்கிவிடும். 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஜி.சி.சி. 10ஆம் பதிப்பு இச்சலுகையை வழக்கத்திலிருந்து நீக்கியது. ஒரு பொருளுக்கு ஒரே வரையறைதான் இருக்க வேண்டும் என்பது 'சி' மொழியின் விதி. ஆகவே பிழை முன்பே இருந்தது. புதிய கம்பைலர் அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே.

இதற்கு இரு வழிகள் உண்டு. 'எஃப்காமன்' என்னும் கட்டளை தந்து பழைய சலுகையைத் திரும்பப் பெறலாம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் பிழை அப்படியே இருக்கும். ஒரே பெயரில் இருவகைப் பொருள்கள் இருந்தால் அவையும் எச்சரிக்கையின்றி ஒன்றாகிவிடலாம். மற்றொரு வழி, மிகையான வரையறையை நீக்குவது. லினக்ஸ் வல்லுநர் 2020இல் அதையே செய்தனர். இலக்கணக் கோப்பு அந்த இடத்தை ஏற்கெனவே உருவாக்குவதால், சொற்கோப்பிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டனர்.

அண்ணனும் அந்த வரியை நீக்கினார். வேலை நிற்காமல் முடிந்தது. தவற்றைச் சுட்டிக்காட்டுபவரை மாற்றுவதை விட, தவற்றை மாற்றுவதே மேல். தேர்வுத் தாளில் சிவப்பு மையைக் காணும்போதெல்லாம் இனி இது என் நினைவுக்கு வரும்.