கோடை விடுமுறை: உட்கார்ந்தே கழியும் பகல்

பள்ளி நாட்களில் பிள்ளைகளின் உடலுக்குக் கேட்காமலேயே வேலை கிடைத்துவிடுகிறது: பேருந்து நிறுத்தம் வரை நடை, மாடிப்படி, இடைவேளை ஓட்டம், பி.டி. பீரியட். கோடை விடுமுறை தொடங்கியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ஒன்பது மணிக்கு எழுந்து, சோபாவில் கால் நீட்டி, மொபைலில் சார்ஜ் தீரும்வரை அசையாத பிள்ளை பல வீடுகளில் உண்டு.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம். இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கத்திரி வெயிலில் காலை எட்டரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும்தான் வெளியே விளையாட ஏற்ற நேரம். பாண்டி ஆட மொட்டை மாடியும் ஒரு சாக்பீஸ் துண்டும் போதும். நொண்டியடித்துக் கட்டம் தாண்டும்போது உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. வளரும் எலும்பு உறுதிப்பட அந்த அதிர்வு உதவுகிறது. ஸ்கிப்பிங்குக்கும் இதே பலன் உண்டு.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் நிறுத்துவது பெரிய அநியாயம். அவர்களுக்கும் சைக்கிளும் இறகுப்பந்தும் அதே அளவு தேவை.

நண்பகலில் வீடு கூட்டுவது போன்ற வேலைகளைப் பிள்ளைகளிடமே விடலாம். விளையாடும்போது தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரோ நீர்மோரோ கொடுக்க வேண்டும். தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் உடனே நிழலுக்கு அழைத்து வர வேண்டும்.